மாடி தப்பினால் எல்லாம் தப்பு

கட்டடங்களுக்குள் இருப்பிடம் காட்டும் செயலிகளைச் சோதிப்பது என் வேலை. தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, இரண்டு சுவர்களிலிருந்தும் அதன் தூரத்தை அளந்து வரைபடத்தில் குறித்துக்கொள்வேன். அப்புறம் போனோடு அதன் மேல் போய் நிற்பேன். நான் நிற்கும் இடத்துக்கும் போன் காட்டும் இடத்துக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம்? சோதனை என்பது இதுதான். இதைச் செய்யாமல் துல்லியம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. திறந்தவெளியிலேயே அவற்றின் சிக்னல் மிக மெலிசாகத்தான் வந்து சேரும். கான்கிரீட்டைத் தாண்டினால் அதிலும் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சும். சுத்தமாகக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, போன் வைஃபையை நம்பிக்கொள்ளும். என்னை அதிகம் படுத்துவது ஜன்னலோரம். எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிக்னலைப் போன் நேரே வந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தாமதமே 3 மீட்டர் பிழை. ஒருமுறை நடைபாதை ஜன்னல் அருகே டேப்பின் மேல் அசையாமல் நின்றேன். வரைபடத்தில் என் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி மெல்ல நகர்ந்து சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. சுற்றியிருந்த வட்டமோ சின்னதாகவே இருந்தது. அந்த வட்டம் பிழை எவ்வளவு இருக்கும் என்ற போனின் மதிப்பீடு மட்டுமே, அளந்து பார்த்த பிழை அல்ல.

வைஃபையில் சிக்கல் வேறு மாதிரி. ஒவ்வொரு இடத்திலும் எந்த ரவுட்டர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று முன்கூட்டியே பதிந்து வைத்து, அதோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வசதிக்காக இந்தப் பதிவை ஆளில்லாத இரவில் எடுத்துவிடுவார்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர், அது வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். ரவுட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாலே அளவீடு மாறும். பகல் கூட்டத்தில் இரவுப் பதிவு எப்படிப் பொருந்தும்? ஒரு ரவுட்டரை வேறு மாடிக்கு மாற்றிவிட்டு யாரும் சொல்லாவிட்டால் கதை இன்னும் மோசம். சிக்னல் போய்வரும் நேரத்தை அளக்கும் வைஃபை ஆர்டிடி முறை இதைவிடத் தேவலை, ஆண்ட்ராய்டு 9 முதல் அதற்கு வசதி உண்டு. நல்ல சூழலில் 1 முதல் 2 மீட்டர் வரை வரும். ஆனால் போன், ரவுட்டர் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

அறிக்கையில் சராசரியை மட்டும் கொடுத்தால் நான் ஏற்பதில்லை. நூறு முறை நின்றால் 95 முறை பிழை எத்தனை மீட்டருக்குள் அடங்குகிறது என்று கேட்பேன். மாடி சரியா தவறா என்பதைத் தனியாக எண்ணச் சொல்வேன். மாடியைக் கணிக்கப் போனில் உள்ள காற்றழுத்த உணரி உதவும், ஆனால் ஒரு மாடி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 0.36 ஹெக்டோபாஸ்கல்தான் குறையும். வானிலை மாறினாலும் சில மணி நேரத்தில் அந்த அளவு மாறிவிடும். அதனால் கட்டடத்துக்குள் ஒரு நிலையான அழுத்தமானி இல்லாமல் போனின் உணரியை மட்டும் நம்பி மாடியைச் சொல்லக்கூடாது. அவசர உதவிக்கு அழைத்தவரின் இடத்தை 2 மீட்டர் தள்ளிக் காட்டினால் மீட்புக்கு வருபவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். ஒரு மாடி தள்ளிக் காட்டினால் ஆளில்லாத அறைகளைத் தட்டிக்கொண்டிருப்பார்.

கட்டடத்தைப் பராமரிப்பவர்கள் ரவுட்டரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும், ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பழைய டேப் குறிகளில் மறுபடி நின்று பாருங்கள். அவசர உதவிக்கு அழைப்பவர்கள், போன் இடத்தை அனுப்பியிருந்தாலும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.