நாள்பட்டதா, தீராததா?

'தீராத தொற்றும் விவரிக்க முடியாத வலியும்' என்று தமிழாக்கிய ஒரு மருத்துவக் கட்டுரைக்குத் தலைப்பு. படித்தால் ஒப்பாரி போல இருக்கிறது. சொல்ல வந்தது ஆங்கிலத்தில் 'க்ரானிக்' (chronic) என்கிற தொற்றைப் பற்றி. உடம்பில் நெடுநாள் தங்கிவிட்ட கிருமி, காரணம் புரியாத சில வலிகளுக்கு வேராக இருக்கலாம், அவ்வளவுதான்.

க்ரானிக் கிரேக்கத்தின் 'க்ரோனோஸ்' வழி வந்தது. பொருள் காலம். குணமாகுமா என்ற பேச்சே அதில் இல்லை. நமக்கோ 'நாள்பட்ட' கைவசம் இருக்கிறது: நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல். பாட்டிக்கும் புரியும்.

'தீராத' என்பது தீர்ப்பு. சித்த மருத்துவமே தீரும் நோயைச் சாத்தியம், தீராததை அசாத்தியம் என்று தனியாகத்தான் வைக்கிறது. அது நாள் கணக்கு அல்ல. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் பல பத்தாண்டுகள் குடியிருக்கும். வயிற்றுப்புண் வலிக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நம்பிய காலத்தில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியைக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு. கிருமி பெரும்பாலும் 14 நாள் மருந்தில் ஒழிகிறது. முதுகெலும்புக் காசநோயும் அப்படித்தான். மாதக்கணக்கில் முதுகுவலி, தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மருந்தில் தீரக்கூடியது அதுவும். இதையெல்லாம் 'தீராத தொற்று' என்று எழுதினால், படிக்கிற நோயாளி மாத்திரையை எதற்கு விழுங்க வேண்டும்?

சிலர் 'நீடித்த தொற்று' என்கிறார்கள். பிழையில்லை. ஆனால் 'நீடித்த வளர்ச்சி' கேட்டுப் பழகிய காதுக்கு, ஏதோ திட்டம் போட்டு வளர்த்த தொற்று மாதிரி ஒலிக்கிறது.

'விவரிக்க முடியாத வலி' இன்னும் மோசம். நோயாளி நன்றாகவே விவரிக்கிறார்: படுத்தால் ஊசி குத்துகிறது, குனிந்தால் சுண்டி இழுக்கிறது. விளக்கம் இல்லாமல் நிற்பது மருத்துவர்தான். 'காரணம் பிடிபடாத வலி' என்று எழுத என்ன தடை?

அப்புறம், கிருமி வலிக்கு வேராக 'இருக்கலாம்' என்றேனே, அந்த 'இருக்கலாம்'. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் சிலருக்கு 100 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில் வலி குறைந்தது என்று 2013இல் ஒரு டென்மார்க் ஆய்வு சொன்னது. நார்வேயில் அதைச் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டபோது சொல்லிக்கொள்ளும்படியான பயன் தெரியவில்லை. இப்படி இழுபறியில் கிடக்கிற விஷயத்தை 'முதுகுவலிக்குக் காரணம் கிருமியே' என்று தமிழாக்குகிறார்கள். ஒரு 'லாம்' போட்டால் இடம் பற்றாதா?