பசங்க இடுப்புல "டப்"னு விட்டுச்சுன்னா உடனே நீவாதீங்க

ஸ்போர்ட்ஸ் டே சீசன் வந்தாலே பிசியோதெரபிக்கு வர்ற பசங்க சொல்றது பாதி ஒரே மாதிரிதான் இருக்கும், ஓட ஆரம்பிச்சதும் இடுப்புக்கு முன்னாடி "டப்"னு ஏதோ விட்டுச்சு, அப்புறம் காலைத் தூக்கி வைக்கவே முடியலன்னு. வீட்ல நரம்பு இழுத்துக்கிச்சுன்னு நினைச்சு எண்ணெய் போட்டு நீவி, சுளுக்கு எடுத்து, ரெண்டு வாரம் கழிச்சுதான் கூட்டிட்டு வர்றாங்க. எனக்கு மனசு கேக்காம எழுதுறேன், 13லருந்து 17 வயசுக்குள்ள இப்படி ஆச்சுன்னா அது வெறும் தசைப்பிடிப்பா இல்லாம எலும்போட முனையே பிச்சுக்கிட்டு வந்திருக்கலாம்.

இடுப்புல கை வெச்சா முன்னாடி முட்டிட்டு இருக்கும்ல ஒரு எலும்பு, அங்கதான் சார்டோரியஸ் தசை ஒட்டியிருக்கு, தொடையைக் குறுக்கால கடந்து முழங்காலுக்கு உள்பக்கம் வரைக்கும் போகும், வேகமா ஓடுறப்ப இழுக்கிறது இதுதான். அதுக்குக் கொஞ்சம் கீழ இன்னொரு முனை, அதுல ரெக்டஸ் ஃபெமோரிஸ்னு தொடைக்கு முன்பக்கத் தசை ஒட்டியிருக்கு, ஃபுட்பாலை ஓங்கி உதைக்கிறப்ப மாட்டுறது இங்கதான். நாம உட்காருற எலும்புல ஹாம்ஸ்ட்ரிங்னு தொடைக்குப் பின்பக்கத் தசை, ஹர்டில்ஸ் தாண்டுற பசங்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றவங்களுக்கும் இந்த இடம்.

வளர்ற வயசுல இந்த முனைகள் எல்லாம் பெரிய எலும்போட இன்னும் குருத்தெலும்பால தான் ஒட்டியிருக்கும், தசையை எலும்போட கட்டியிருக்கிற தசைநாண் அதை விட ஸ்ட்ராங். அதனால பெரியவங்களுக்குத் தசை கிழியிற அதே இழுப்புல பசங்களுக்கு, செடியைப் பிடுங்கினா வேரோட மண்ணும் வர்ற மாதிரி, எலும்புத் துண்டோட வந்துடும். உட்காருற எலும்பு சில பேருக்கு 20 வயசு தாண்டியும் முழுசா சேர்ந்திருக்காது, காலேஜ் பசங்களும் இதைக் கவனிக்கணும்.

பையன் ஒரே விரலால "இங்கதான்"னு எலும்பு முனையைக் காட்டுறானா, நொண்டுறானா, ஒரு பக்கமா சாஞ்சு உட்காருறானா, எலும்பு டாக்டர்கிட்ட போய் எக்ஸ்ரே எடுத்துடுங்க. ரெண்டு பக்க இடுப்பும் ஒரே படத்துல வந்தா நல்லது, நல்ல பக்கத்தோட ஒப்பிட்டாதான் சின்ன விலகல் கூட தெரியும். பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம், சில வாரம் ஊன்றுகோல், ரெஸ்ட், அப்புறம் படிப்படியா எக்ஸர்சைஸ், கிரவுண்டுக்குத் திரும்ப ரெண்டு மூணு மாசம் ஆகும். துண்டு ரொம்ப விலகியிருந்தா மட்டும் ஆபரேஷன் பத்தி பேசுவாங்க. இதையே நீவி, இழுத்து, ஸ்ட்ரெச் பண்ணி விட்டா விலகல் கூடிடும், அந்த இடத்துல எலும்பு கட்டியா வளர்ந்து பின்னாடி எக்ஸ்ரேல பார்க்கிறவங்க கேன்சர் கட்டியோன்னு சந்தேகப்படுற அளவுக்கும் போகும்.

அடியே படாம, காய்ச்சலோடயோ ராத்திரி தூங்க விடாமலோ இடுப்பு வலிக்குதுன்னா அது வேற விஷயம், அதுக்கு வாரக்கணக்குல காத்திருக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.