ஆணுறுப்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன்: எதை வெட்டுகிறார்கள், எது கூடுகிறது?

“ஆபரேஷன் பண்ணினா எத்தனை இன்ச் கூடும், டாக்டர்?” வேறு ஏதோ தொந்தரவு என்று சொல்லி வந்தவர், கதவைச் சாத்திய பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. விறைத்த நிலையில் அநேகமாக ஒன்றும் கூடாது என்பதுதான் பதில். விறைக்காத நிலையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடியதுபோலத் தெரியலாம். அதையும் “வளர்ச்சி” என்று சொல்ல முடியாது.

ஆணுறுப்பு, பயிற்சியால் புடைக்கும் புஜத்தைப் போன்ற தசை அல்ல. உள்ளே பஞ்சு போன்ற திசுவால் ஆன இரண்டு குழல்கள் அருகருகே ஓடுகின்றன. அவற்றைச் சுற்றிக் கெட்டியான உறை இருக்கிறது. ரத்தம் நிரம்பி அந்த உறை விம்மி நிற்பதுதான் விறைப்பு. ஆகவே விறைத்த அளவைத் தீர்மானிப்பது அந்த உறைதான். குழல்கள் வெளியே தெரியும் இடத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. உடலுக்குள் பின்னோக்கிப் போய், இரண்டாகப் பிரிந்து, இடுப்பெலும்பின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடிவயிற்றுக்குக் கீழே கையால் அழுத்தினால் தட்டுப்படுகிற எலும்போடு உறுப்பைத் தூக்கிக் கட்டியிருப்பது ஒரு நார்.

நீளத்துக்காகச் செய்யும் ஆபரேஷனில் வெட்டப்படுவது இந்த நார் மட்டுமே. கொடியைப் பந்தலோடு இழுத்துக் கட்டிய கயிற்றை அறுத்தால் கொடி கீழே சரியும், அவ்வளவுதான். ஒரு விரற்கடைகூட வளர்ந்திருக்காது.

செய்முறை இப்படி: முடி வளரும் பகுதியில் தோலைக் கீறி, நாரை எலும்பிலிருந்து விடுவிக்கிறார்கள். பழையபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இடைவெளியில் கொழுப்புத் திசுவையோ சிறு சிலிக்கான் துண்டையோ வைப்பதுண்டு. உறுப்பு முன்னால் வருவதற்குத் தோலும் போதவேண்டுமே, அதற்காகத் தலைகீழ் முக்கோண வடிவில் தோலை வெட்டி, கீழே நகர்த்தித் தைக்கிறார்கள். அதன்பிறகு பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில், இழுவைக் கருவியைத் தினமும் மாட்டிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் இந்தக் கடைசிப் பகுதி மட்டும் இருக்காது. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் உள்ளே ஆறும் தழும்பு சுருங்கி உறுப்பைப் பின்னுக்கு இழுத்துவிடும். நீளம் தேடிப் போனவர் முன்னைவிடக் குட்டையாகி வருவது இப்படித்தான்.

அடுத்த சிக்கல் விறைப்பின் கோணம். அந்த நார்தான் விறைத்த உறுப்பை மேல்நோக்கி நிறுத்தி, பக்கவாட்டில் ஆடாமல் பிடித்திருந்தது. அது போனபின் விறைப்பு கீழ்நோக்கி நிற்கும், ஆடும். உறவின்போது கையால் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை சிலருக்கு வருகிறது. நகர்த்தித் தைத்த தோலால் அடிப்பகுதியில் மேடு தட்டும். முடி வளரும் தோல் உறுப்பின் தண்டுக்கே வந்துவிடும். தொடுவுணர்வைக் கொண்டுபோகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் காயம் பட்டால் உறுப்பின் நுனியில் உள்ள மொட்டு மரத்துப்போகும். 2006-இல் லண்டன் சிறுநீரியல் நிபுணர்கள் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 42 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். இழுத்து அளந்த நீளத்தில் சராசரியாகக் கூடியது 1.3 செ.மீ. முடிவில் திருப்தி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான்.

“முன்–பின்” படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். விறைக்காத உறுப்பின் நீளம் அறையின் குளிர், பதற்றம், படம் எடுத்த கோணம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஒரே நாளில் மாறும். குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிலருடைய உறுப்பு விறைக்காதபோது சிறியதாக இருந்து விறைக்கும்போது நன்றாக நீளும். சிலருக்கு இரண்டு நிலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது.

சரியாக அளப்பது எப்படி? நின்றுகொண்டு, உறுப்பின் மேற்பக்கமாக அளவுகோலை வைத்து, கொழுப்பு அமுங்கி எலும்பில் முட்டும்வரை அழுத்த வேண்டும். அங்கிருந்து மொட்டின் நுனிவரை உள்ளதுதான் நீளம், மிஞ்சித் தொங்கும் முன்தோல் கணக்கில் வராது. விறைக்காத நிலையில் என்றால் மெதுவாக முழுவதும் இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். அந்த எண் விறைத்த நீளத்துக்கு ஏறத்தாழ சமமாக இருக்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரி குழுவினர் பல நாட்டு ஆய்வுகளில் மருத்துவப் பணியாளர்கள் நேரில் எடுத்த அளவுகளைச் சேர்த்து, 15,521 வரையிலான ஆண்களின் கணக்கை 2015-இல் வெளியிட்டார்கள். விறைத்த நீளத்தின் சராசரி 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. விறைக்காத நிலையில் நீளம் 9.16 செ.மீ. ஆபாசப் படங்களில் நடிப்பவர்களை இந்த அளவுக்காகவே பொறுக்கி எடுக்கிறார்கள், அங்கிருந்து சராசரியைக் கற்றுக்கொண்டவருக்குத் தன் உடல் குறைவாகத்தான் தெரியும். போதாததற்கு நம்முடையதை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், அந்தக் கோணத்தில் எல்லாமே குறுகும்.

இழுத்து அளந்தும் ஏறத்தாழ 7.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால்தான் மருத்துவம் அதைச் சிற்றுறுப்பு என்ற வகையில் வைத்துப் பார்க்கிறது. ஆபரேஷன் கேட்டு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கோட்டுக்கு வெகு மேலே இருப்பவர்கள்.

நீளத்தைவிடப் பருமனுக்கான ஊசிகள்தான் இப்போது அதிகம் விற்கப்படுகின்றன, ஆபத்தும் அங்கேதான் கூடுதல். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி உறுப்பின் தோலுக்கடியில் ஏற்றுவது ஒரு முறை. ஏற்றிய கொழுப்பில் கணிசமான பகுதியை உடல் சில மாதங்களில் உறிஞ்சிவிடும். அது சீராக நடக்காது. ஓரிடத்தில் கரையும், இன்னோரிடத்தில் கட்டியாகத் திரளும். கொழுப்பு ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் நுரையீரலுக்குப் போய் அடைக்கும். ஸ்வீடனில் 30 வயது ஆரோக்கியமான ஆண் ஒருவர் இந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இப்படி இறந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 2017-இல் பதிவு செய்தார்கள். பருமனுக்கான கொழுப்பு ஊசியும் நீளத்துக்கான நார் வெட்டும் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு.

தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் ஜெல்லான ஹயலுரானிக் அமில ஃபில்லர் ஒப்பீட்டில் சற்றுப் பரவாயில்லை. தப்பாகப் போனால் கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் அதுவும் ஒன்று, ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும், மறுபடி ஊசி, மறுபடி பில். முடிச்சும் தொற்றும் வரலாம்.

எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாதவை வாசலின், பாரஃபின், தேங்காயெண்ணெய் உட்பட எந்த எண்ணெயும், திரவ சிலிக்கானும். வியன்னாவில் 1899-இல் ராபர்ட் கெர்சூனி என்ற மருத்துவர், விதை அகற்றப்பட்ட ஒருவரின் விதைப்பையில் வாசலினை ஊசியால் ஏற்றினார். அதன்பின் பரவிய பழக்கம் உண்டாக்கிய கேடுகள் மருத்துவ நூல்களில் நிறைந்து கிடக்கின்றன. உடலால் எண்ணெயைச் செரிக்க முடியாது. அதைச் சுற்றிக் கெட்டியான திசுவைக் கட்டுகிறது. தோல் கல்லாகி, நிறம் மாறி, புண்ணாகி, முன்தோல் நகராமல், விறைப்பே வலியாகிவிடும். இது சில மாதத்திலும் வரும், பத்து இருபது ஆண்டு கழித்தும் வரும். ஊசியால் திரும்ப உறிஞ்சி எடுக்க முடியாது. கெட்ட தோலை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதுதான் வழி.

“இம்ப்ளான்ட்” என்ற சொல்லாலும் குழப்பம் வருகிறது. மாத்திரைக்கும் ஊசிக்கும் மசியாத விறைப்புக் குறைபாட்டுக்காகக் குழல்களுக்குள் வைக்கும் செயற்கைத் தண்டு, பெரிதாக்கும் கருவி அல்ல. வைத்துக்கொண்டவர்களில் பலர் முன்பைவிடச் சற்றுக் குறைந்ததாகவே உணர்கிறார்கள். வைக்கும்போது உள்ளே உள்ள பஞ்சுத் திசு சிதைவதால், பிறகு எடுத்துவிட்டாலும் இயல்பான விறைப்பு திரும்பாது. நன்றாக விறைக்கிற ஒருவருக்கு அதை வைப்பது குற்றம் என்றே சொல்வேன். தோலுக்கடியில் உறை மாதிரி வைக்கும் சிலிக்கான் வேறு பொருள். அதில் தொற்று, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது, எடுத்தபின் தழும்பால் சுருங்குவது எல்லாம் உண்டு.

லேகியம், தைலம், பேருந்து நிலையச் சுவரொட்டி, “மாதம் இரண்டு நாள் இந்த லாட்ஜில்” என்ற விளம்பரம் இவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பாலுறுப்பின் அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை தெளிவாகவே சொல்கிறது. மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றில் சில்டினாஃபில் என்ற விறைப்பு மருந்து (வயாக்ராவில் இருப்பது) கலந்திருக்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கும். டெஸ்டோஸ்டிரான் ஊசி பருவம் முடிந்தவருக்கு உறுப்பை வளர்க்காது, விந்தணு உற்பத்தியைத்தான் நிறுத்தும். குழந்தை வேண்டுமென்று காத்திருப்பவர்கள் இதைத் தெரியாமல் போட்டுக்கொள்வது பெரிய துயரம்.

இழுவைக் கருவிகள் வேறு கதை. தினமும் பல மணி நேரம், பல மாதங்கள் மாட்டிக்கொண்டால் ஓரளவு பலன் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவும் பெரும்பாலும் வளைவு நோய் (உள்ளே தழும்பு கட்டி உறுப்பு வளைவது) உள்ளவர்களிடம். வெற்றிடப் பம்ப்பை ஆறு மாதம் பயன்படுத்திய ஓர் ஆய்வில் சராசரி நீளம் 7.6-இலிருந்து 7.9 செ.மீ. ஆனது. புள்ளியியல் கணக்கில் அது பலனே இல்லை.

உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். தொப்பை மேட்டுக்குள் உறுப்பு புதைந்துபோனவருக்கு முதலில் எடைக் குறைப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு, தேவையானால் அந்தக் கொழுப்பை அகற்றுவது. வளைவு நோய், விபத்து, புற்றுநோய் அறுவையால் இழப்பு ஆகியவற்றுக்கு முறையான சீரமைப்பு உண்டு. கொழுகொழுவென்ற பையன்களைக் கூட்டிவரும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலும் உறுப்பு சரியாகவே இருக்கும், கொழுப்புக்குள் மறைந்திருக்கும், அவ்வளவே. அவசரப்பட்டு முன்தோலை அகற்றச் சொல்லாதீர்கள், பிறகு சீரமைக்கத் தோல் இருக்காது. அளந்து பார்த்து உண்மையிலேயே சிறிது என்றால் ஹார்மோன் சிகிச்சை பலன் தரும் வயது குழந்தைப் பருவம்தான், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

துணையின் திருப்தியைச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 52,031 பேர் பதிலளித்த, 2006-இல் வெளியான இணையக் கணக்கெடுப்பில் தன் துணைவரின் அளவு போதும் என்ற பெண்கள் 85 சதவீதம், தன் அளவு போதும் என்ற ஆண்கள் 55 சதவீதம். இயல்பான அளவு இருந்தும், நாள் முழுக்க இதே நினைப்பு, அடிக்கடி அளப்பது, கழிப்பறையில் மற்றவர் பக்கத்தில் நிற்கத் தயங்குவது, திருமணத்தையே தள்ளிப்போடுவது என்று இருந்தால் அது உடலுருவக் கவலை நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குக் கத்தி வைத்தால் கவலை தீராது, தழும்பின் மேலும் கோணத்தின் மேலும் போய் உட்காரும். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், போனவர்களில் பலர் பிறகு ஆபரேஷன் கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் செய்துகொள்வதென்று ஒருவர் முடிவெடுத்தால், கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. உங்கள் அறுவைச் சிகிச்சை மேற்பட்டம் (எம்.சிஎச்.) யூராலஜியிலா, பிளாஸ்டிக் சர்ஜரியிலா? எலும்பில் அழுத்தி, இழுத்து அளந்த இன்றைய நீளத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுவீர்களா, ஆறு மாதம் கழித்து அதே முறையில் அளந்து காட்டுவீர்களா? ஊசி என்றால் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை என் சீட்டில் ஒட்டித் தருவீர்களா? கோணம் கெட்டால், கட்டி வந்தால், சரிசெய்யும் ஆபரேஷனை யார் செய்வார், செலவு யாருடையது?