காசில் புள்ளி, கணக்கில் பன்னிரண்டு

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ரோமில் வார்த்த கனத்த வெண்கலக் காசு ஒன்று. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவி, பின்பக்கம் கப்பலின் முகப்பு. இரு பக்கமும் நான்கு புள்ளிகள். எழுத்தறியாதவரும் எண்ணிப் பார்த்து மதிப்பைச் சொல்லிவிடலாம்: நான்கு ஊன்கியா. காசின் பெயர் திரியென்ஸ், அதாவது மூன்றில் ஒரு பங்கு.

முழுக் காசுக்கு ‘ஆஸ்’ என்று பெயர். ஓர் ஆஸுக்கு 12 ஊன்கியா. ரோமானியர் எண்ணியது பத்துப் பத்தாகத்தான். பின்னத்துக்கு மட்டும் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் பெரிய வசதி உண்டு. 10-ஐ மூன்று பேருக்குப் பங்கிட்டால் மிச்சம் நிற்கும். 12-ஐ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என எப்படிப் பங்கிட்டாலும் மிச்சம் வராது. இரண்டு ஊன்கியா செக்ஸ்தான்ஸ், மூன்று குவாத்ரான்ஸ், ஆறு செமிஸ். செமிஸ் காசில் மட்டும் புள்ளிக்குப் பதில் ‘எஸ்’ எழுத்து.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது முக்கால்தான். நாம் மூன்று காலைச் சேர்த்து முக்கால் என்கிறோம். அவர்கள் ஒன்றிலிருந்து காலைக் கழித்து, ‘கால் குறைய’ என்ற பொருளில் தொத்ரான்ஸ் என்றார்கள். பதினொரு ஊன்கியாவும் அப்படியே: ஓர் ஊன்கியா குறைய, தேஉங்ஸ். இந்தப் பெயர்கள் காசைவிடக் கணக்கில்தான் அதிகம் புழங்கின. உயில் எழுதும்போது மொத்தச் சொத்தும் ஓர் ஆஸ். கி.மு. 44-இல் கொலையுண்ட சீசரின் உயிலில் ஆக்டேவியஸுக்கு (பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ்) தொத்ரான்ஸ். மிச்சமிருந்த குவாத்ரான்ஸ் வேறு இரண்டு உறவினர்களுக்கு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வாய்ப்பாடு. கவிஞர் ஹொராஸ் ஒரு வகுப்பைக் காட்டுகிறார். ஐந்து ஊன்கியாவில் ஒன்றை எடுத்தால் என்ன மிச்சம் என்று வாத்தியார் கேட்கிறார். பையன் ‘நான்கு’ என்று சொல்வதில்லை, ‘திரியென்ஸ்’ என்கிறான். அந்த ஐந்தோடு ஒன்றைச் சேர்த்தால்? ‘செமிஸ்’. கழித்தலும் பின்னத்தைச் சுருக்குவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன.

தொடக்கத்தில் ஆஸின் எடை ஏறத்தாழ ஒரு ரோமானிய ராத்தல். எடையிலும் ராத்தலின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ஊன்கியா என்றே பெயர். வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜுடன் நடந்த இரண்டாம் போரில் (கி.மு. 218–201) அது மளமளவென்று குறைந்தது, கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் அரை ஊன்கியா எடைக்கே வந்துவிட்டது. பெயர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. அவை குறித்தது பங்கை என்பதால், இளைத்த ஆஸிலும் கால் பங்கு குவாத்ரான்ஸ்தான். பொதுக் குளியலறைக்குக் கட்டணமாக வாங்கியதும் அந்தக் காசைத்தான்.

செஸ்டெர்டியஸ் கதை வேறு. கி.மு. 211 வாக்கில் பத்து ஆஸ் மதிப்பில் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு வந்தது. அதில் கால் பங்கு, அதாவது இரண்டரை ஆஸ், செஸ்டெர்டியஸ். இரண்டு கோடும் ஓர் ‘எஸ்’ஸும் அதன் குறி. கி.மு. 141 வாக்கில் தெனாரியஸை 16 ஆஸ் ஆக்கியதும் செஸ்டெர்டியஸ் நான்கு ஆஸ் ஆனது. ஆனாலும் ரோமானியர் பல நூற்றாண்டுகள் இரண்டரைக்கான குறியைப் போட்டே அதை எழுதிவந்தார்கள்.