ஜப்பான் தெருக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பயணத்துக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வருவது இப்போது கூடியிருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், அங்கே ரோட்டுக் கடையில் சாப்பிடலாமா? வயிற்றுப்போக்குக்கு மாத்திரை எழுதித் தர்றீங்களா?"

தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், ஐஸுக்கும் பயப்பட வேண்டியதில்லை. சாலையோர வண்டிக் கடைகளுக்குப் பேர்போன ஃபுக்குவோக்காவில், அந்தக் கடைகளில் பச்சை மீன் விற்கவே அனுமதி கிடையாது. சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களும், சில மாத்திரைகளைத் தினமும் போடுகிறவர்களும், தட்டில் இருப்பதற்குள் என்னென்ன போயிருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

ஒசாக்காவின் தாகோயாகியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் நம் குழிப்பணியாரம் மாதிரியே இருக்கும். குழிக் கல்லில் எண்ணெய் தடவி, நீர்க்கக் கரைத்த மாவை வழிய வழிய ஊற்றுவார்கள். மாவில் கோதுமையும் முட்டையும் உண்டு. கரைப்பதற்கு வெறும் தண்ணீருக்குப் பதில் 'தாஷி' சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு. குழிக்கு ஒரு துண்டு ஆக்டோபஸ், நறுக்கிய வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரித்த மாவுத் துணுக்கு. பல கடைகளில் காய்ந்த இறாலும் தூவுவார்கள். நீண்ட ஊசியால் திருப்பித் திருப்பி உருட்டி எடுத்து, மேலே கெட்டியான சாஸ், மயோனைஸ், பாசித் தூள், சுருள் சுருளாகச் சீவிய காய்ந்த மீன். சூட்டில் அந்தச் சீவல் நெளிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு அழகு. கோதுமை, முட்டை, மீன், ஆக்டோபஸ், இறால், சோயா என்று ஒவ்வாமைப் பட்டியலில் பாதி அந்த ஒரு தட்டில் இருக்கிறது. (உள்ளே கூழாகக் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டாகப் பிளந்து ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். குழந்தைகளுக்கு முழு உருண்டையை வாயில் போடாதீர்கள்.)

பொட்டலத்தில் வரும் உணவுக்கு ஜப்பானில் சட்டம் கறாரானது. முட்டை, பால், கோதுமை, பக்வீட் (பேரில் 'வீட்' இருந்தாலும் கோதுமை இல்லை, வேறொரு தானியம்), வேர்க்கடலை, இறால், நண்டு இருந்தால் கட்டாயம் அச்சிட வேண்டும். 2023இல் வால்நட்டையும் சேர்த்தார்கள். எள், சோயா போன்றவற்றுக்குப் பரிந்துரை மட்டும்தான். ஆகவே கொன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடையில் வாங்கும் ஓனிகிரி சோற்று உருண்டையின் உறையைச் செல்போன் கேமராவில் காட்டினால் மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். ஆனால் கண்ணெதிரே சமைத்துக் கொடுக்கும் கடைக்கும் உணவகத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஜப்பானிய மொழியில் ஓர் அட்டை அச்சிட்டுக்கொள்ளுங்கள். கடையில் காட்டி, "எபி அரெருகீ தெஸ்" என்று சொன்னால் இறால் ஒவ்வாமை என்று புரிந்துகொள்வார்கள். நண்டுக்குக் கானி, முட்டைக்குத் தமாகோ, கோதுமைக்குக் கொமுகி. கடைக்காரர் தயங்கினாலோ, கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினாலோ, அங்கே சாப்பிட முடியாது என்று அர்த்தம். வருத்தப்படாமல் அடுத்த கடைக்குப் போங்கள். மறைக்காமல் சொன்னாரே என்று நான் சந்தோஷப்படுவேன்.

கோதுமை ஆகாதவர்கள் சோயா சாஸை மறந்துவிடுகிறார்கள். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. யாகிதோரி கோழிக் குச்சிக்குச் சோயா சாஸ் கலந்த 'தாரே' சாஸ் வேண்டாம், 'ஷியோ', அதாவது உப்பு மட்டும் போதும் என்று கேட்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே அடுப்பில்தான் வாட்டுவார்கள். கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அதுவும் சரிப்படாது. பக்வீட் ஒவ்வாமை இன்னும் ஆபத்தானது. பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடுல்ஸைத் தவிர்த்துவிட்டு, கோதுமை நூடுல்ஸான ஊடோன் கேட்பீர்கள்; பல கடைகளில் இரண்டும் ஒரே கொதிநீரில் வெந்திருக்கும். பழைய பாணி விடுதிகளில் தலையணைக்குள் பக்வீட் உமி அடைத்திருப்பதும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்கும் இதே சிக்கல்தான். நம் பஜ்ஜி மாதிரியான காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சூஷியின் டோஃபு உறை, வெறும் ஊடோன் என எல்லாவற்றிலும் தாஷி இருக்கும். குளிர்காலத்தில் வண்டியில் வரும் யாகி இமோ, வெறும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதை நம்பி வாங்கலாம்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது நாட்டோவைப் பற்றி. நொதிக்க வைத்த சோயா பீன்ஸ், நூல் நூலாக இழுக்கும். ஹோட்டல் காலை உணவில் சின்னச் சின்ன டப்பாக்களில் இருக்கும். மலிவான மாட்டிறைச்சிச் சோற்றுக் கடைகளின் காலைச் செட்டிலும் வரும். உடம்புக்கு நல்லது என்று படித்துவிட்டு நம்மவர்கள் ஆசையாக எடுக்கிறார்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை போடுகிறவர்கள் ஒரு ஸ்பூன்கூடச் சாப்பிடக் கூடாது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதில் மிக அதிகம். போதாததற்கு அந்த நுண்ணுயிரி குடலுக்குள்ளும் வைட்டமின் கே தயாரிக்கிறது. மாத்திரையின் வேலை சில நாள்களுக்குக் குறைந்து, வால்வில் ரத்தம் உறையலாம். ஜப்பானிய மருத்துவர்கள் இந்த நோயாளிகளுக்கு நாட்டோவை அடியோடு தடை செய்கிறார்கள். நம் ஊரில் கீரையைப் பற்றிச் சொல்வோம், நாட்டோவை யாரும் சொல்வதில்லை. அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எது உங்களுடையது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

பச்சை இறைச்சியில் எனக்கு உடன்பாடே இல்லை. 2011இல் ஓர் உணவகத் தொடரில் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டு ஈ.கோலை தொற்றில் 5 பேர் இறந்தார்கள். 2012இல் பச்சை மாட்டீரலையும் 2015இல் பச்சைப் பன்றி இறைச்சியையும் உணவகங்களில் பரிமாறத் தடை வந்தது. கோழிக்கு நாடு தழுவிய தடை இல்லை. சில கடைகளில் உள்ளே சிவப்பாகவே கொடுப்பார்கள். வயிற்றுப்போக்கைத் தரும் கேம்பிலோபேக்டர் கிருமிக்கு அது போதும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், மற்றவர்களும் நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பில் வரும் ராமென் நூடுல்ஸ் சாப்பிடலாம், சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். உப்பு பெரும்பாலும் அதில்தான். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பசை போல ஒட்டும் அரிசி உருண்டையான மோச்சியை வயதானவர்களுக்குச் சிறு துண்டுகளாக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், ஒவ்வாமை வந்தால். உதடு வீங்கி, மூச்சு இரைத்து, தலை சுற்றினால் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். கையில் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட்டுக்கொண்டு 119ஐ அழையுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் "க்யூக்யூஷா" என்றாலே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனைச் செலவு உங்களுடையது. அதனால் பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ஒவ்வாமையை மறைக்காமல் எழுதுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் நீங்கள் போடும் மருந்துகளின் மூலப் பெயர்களையும் (கம்பெனி வைத்த பெயர் அல்ல) அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.