யான் ஜிஷ்காவின் வண்டிக்கோட்டை

கவசம் பூண்ட வீரனும் குதிரையும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்தால் இயக்க ஆற்றல் 19,000 ஜூலைத் தாண்டும்; அந்த எடையை அப்படியே 3 மீட்டர் உயரம் தூக்கிவிடலாம். யான் ஹுஸ் என்ற கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதியை 1415-இல் உயிரோடு எரித்ததைப் பொறுக்காமல், இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் கிளர்ந்தெழுந்த மக்கள், பெரும்பாலும் விவசாயிகள், எதிர்கொண்டது இப்படிப்பட்ட குதிரைப்படைகளைத்தான்.

அவர்களுடைய தளபதி, ஒற்றைக்கண் யான் ஜிஷ்கா, பண்ணை வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்தார். வெளிப்பக்கம் கனத்த பலகைகள், சக்கரங்களுக்கு நடுவே யாரும் ஊர்ந்து நுழையாதபடி அடியிலும் ஒரு பலகை. எதிரே சுவர் நிற்பது தெரிந்தால் குதிரை அதில் போய் மோதாது, தயங்கும், திரும்பும். நின்றுபோன குதிரையிடம் அந்த 19,000 ஜூலில் எதுவும் மிச்சமில்லை. எவ்வளவு எளிமையான யோசனை!

சரி, அப்புறம் துப்பாக்கி. அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கியில் மருந்து கெட்டித்துத் திரும்பச் சுட நெடுநேரம் ஆகும், குறியும் சரியாக அமையாது, வெட்டவெளியில் அதற்குள் குதிரை மேலே ஏறிவிடும். பலகைக்குப் பின்னால் நின்றவனுக்கோ அந்த நேரம் கிடைத்தது. சில துப்பாக்கிகளின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அதைப் பலகை விளிம்பில் மாட்டிவிட்டால் சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தோள் அல்ல, வண்டியே தாங்கிக்கொள்ளும். வண்டியை எட்டிவிட்ட வீரர்களுக்குக் கதிரடிக்கும் தடி காத்திருந்தது. நீண்ட கோலின் நுனியில் சங்கிலியால் கோத்த குட்டைக் கட்டை அது, கோலைச் சுழற்றினால் கையைவிடப் பல மடங்கு வேகத்தில் போய் விழும். விவசாயிக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை.

1420 மார்ச் 25 அன்று சுதோமியரில் ஏறக்குறைய 400 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெறும் 12 வண்டிகளோடு பல மடங்கு பெரிய படையைத் தடுத்து நின்றார்கள். மீன் குளங்களை ஒட்டி வண்டிகளை நிறுத்தியதால் சுற்றி வளைக்க வழியில்லை. அடுத்த ஆண்டு ராபி கோட்டை முற்றுகையில் ஜிஷ்காவின் மற்றொரு கண்ணும் போனது. பார்வையில்லாமலே படை நடத்தி வென்றார் அந்த மனிதர். 1424-இல் இறந்தார்.

அவருக்குப் பின் 1434-இல், லிபானியில், எதிரிகள் பின்வாங்குவது போல் நடித்தார்கள். வண்டிக்கோட்டையைத் திறந்துகொண்டு துரத்தி ஓடியவர்கள் வெட்டவெளிக்கு வந்துவிட்டார்கள், குதிரைகளுக்குப் பாய இடம் கிடைத்துவிட்டது.