வீட்டின் சூடுதான் வீட்டுக்கு எதிரி: உறைமண் மேல் ஒரு குடும்ப வீடு

ரஷ்யாவின் சாகா குடியரசில், யாகூட்ஸ்க் நகரத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஓய்மியாகோன் கிராமம். சில நூறு பேர் வாழும் ஊர். 1933 பிப்ரவரியில் இங்கே மைனஸ் 67.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜனவரியில் மைனஸ் 50 என்றால் அங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். இப்படி ஒரு இடத்தில் ஒரு குடும்பம் வீடு கட்டக் கிளம்பினால், முழுக் கவலையும் குளிரைப் பற்றித்தான் இருக்கும் என்று தோன்றும். குளிரைத் தடுக்க வழி இருக்கிறது. மரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. அங்கே வீடுகளைச் சாய்த்துவிடுவது பெரும்பாலும் வீட்டுக்குள் மூட்டுகிற சூடு. அது தரை வழியாக மண்ணுக்குள் இறங்கினால் வீட்டின் ஆயுள் எண்ணப்படுகிறது.

காரணம், அந்த மண். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பூஜ்ஜியம் டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தை நிரந்தர உறைமண் என்கிறார்கள். ரஷ்ய நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டதுதான். அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு யாகூட்ஸ்கில் ஒரு பழைய சாட்சி உண்டு. 1828இல் ஷெர்கின் என்ற வணிக நிறுவன அலுவலர் தண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டி, 116 மீட்டர் இறங்கியும் மண் உறைந்தேதான் இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை, ஆனால் அறிவியலுக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. 1840களில் மிடன்டார்ஃப் என்ற ஆய்வாளர் அந்தக் குழிக்குள் படிப்படியாக வெப்பநிலை அளந்தார். அடியில் சுமார் மைனஸ் 3 டிகிரி. உறைமண்ணின் ஆழத்தை முறையாக அளக்கும் வேலை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

சரி, உறைந்த மண் கல் மாதிரி கெட்டியாக இருக்குமே, அதன் மேல் வீடு கட்டினால் என்ன? அந்த மண்ணின் மேல்தோல் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் இளகி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் திரும்ப உறைகிறது. இடத்தைப் பொறுத்து அரை மீட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் வரை இந்த அடுக்கு இருக்கும். உறையும்போது இது மேலே எழும்பும், இளகும்போது கீழே அமுங்கும். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருமன் கூடும் என்பதால்தான் இந்த எழுச்சி என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் எழும்பியது. அதாவது, உறையும் விளிம்பு கீழே இருக்கும் திரவத்தைத் தன் பக்கம் உறிஞ்சி இழுக்கிறது. அது மண்ணுக்குள் கிடைமட்டமான ஐஸ் அடுக்குகளாகச் சேர்ந்து, மேலே இருப்பதைத் தூக்குகிறது. எனக்குத் தெரிந்து, இவ்வளவு எளிமையாக ஒரு பெரிய நம்பிக்கையை உடைத்த சோதனைகள் குறைவு. வண்டல் போன்ற நுண்ணிய மண்ணில் இந்த இழுப்பு அதிகம். கரடுமுரடான சரளையில் மிகக் குறைவு. வீட்டுக்கு இடம் பார்க்கிறவர் முதலில் சரளை மேட்டைத் தேடுவது இதனால்தான்.

எழுச்சியைவிட மோசமானது இளக்கம். சைபீரியாவின் சில சமவெளிகளில் மண்ணின் பருமனில் பாதிக்கு மேல் வெறும் ஐஸ். அதன் மேல் நேரடியாகத் தரை போட்டு, உள்ளே 20 டிகிரி வைத்து வாழ்ந்தால், வீட்டின் அடியில் உறைமண் கிண்ணம் போலக் குழிந்து இளகும். ஐஸ் தண்ணீராகி வடிந்ததும், அது தாங்கிக்கொண்டிருந்த இடம் காலியாகிறது. நடுவில், அதாவது அடுப்பு இருக்கும் இடத்தில், இளக்கம் அதிகம், ஓரங்களில் குறைவு. சுவர்கள் ஒரே அளவில் இறங்குவதில்லை, அதனால்தான் முறிவு. யாகூட்ஸ்கின் பழைய மரவீடுகளில் சில, ஜன்னல் தரையைத் தொடும் அளவுக்குப் புதைந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, வீட்டை மண்ணிலிருந்து பிரித்துவிடுவது. கம்பங்கள் மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஒரு மீட்டர் அளவுக்குக் காற்று ஓடும் இடைவெளி விடுகிறார்கள். தரை வழியாகக் கசியும் சூட்டை மைனஸ் 50 டிகிரிக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இதில் ஒரு அழகான விளைவு உண்டு. திறந்த வெளியில் குளிர்காலப் பனி மண்ணுக்குப் போர்வையாகி அதன் சூட்டைக் காக்கிறது; கோடையில் வெயில் நேராக விழுகிறது. வீட்டின் அடியில் இரண்டும் இல்லை. ஆகவே ஒழுங்காகக் கட்டிய வீட்டின் கீழே மண், வீடு வருவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் குளிர்ந்து, இன்னும் உறுதியாகிறது. இந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்துச் சாமான் போடும் அறையாக்கிக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். அதைப்போலத் தவறு வேறில்லை.

கம்பம் நடுவதும் ஒரு கலை. குளிர்காலக் கடைசியில், மண் மிகவும் குளிர்ந்து, இயந்திரங்கள் சதுப்பில் புதையாமல் நகரக்கூடிய நாட்களில் துளை போடுகிறார்கள். கம்பத்தைவிடச் சற்று அகலமான துளை. கம்பத்தை இறக்கி, சுற்றிலும் ஈரமணல் குழம்பை ஊற்றுவார்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும். அந்தக் குழம்பு முழுதாக உறைந்து கம்பத்தைப் பிடித்த பிறகுதான் பாரம் ஏற்றலாம். கம்பம் நிற்பதற்கு முக்கியக் காரணம், அதன் பக்கங்களை ஐஸ் ஒட்டிப் பிடித்திருப்பதுதான். மேலே உள்ள இளகும் அடுக்கு உறையும்போது கம்பத்தைப் பிடுங்கப் பார்க்கும்; ஆழத்தில் உள்ள பிடி அதைவிடப் பலமாக இருக்க வேண்டும். நகரங்களில் பைல்கள் எனப்படும் கான்கிரீட் அடித்தளக் கம்பங்கள் பெரும்பாலும் 8 முதல் 12 மீட்டர் வரை இறங்குகின்றன. வட சைபீரிய நகரமான நோரில்ஸ்கில் இந்தப் பைல் முறையை வளர்த்த பொறியாளர் மிகயில் கிம், கைதியாக அங்கே அனுப்பப்பட்டவர்; பிற்பாடு 1966இல் லெனின் பரிசு பெற்றார். கிராமத்தில் ஒரு மாடி மரவீட்டுக்கு, அங்கே வளரும் ஊசியிலை மரமான லார்ச்சின் கம்பமே பெரும்பாலும் போதும்.

கட்டுமானம் தொடங்கும் முன்பே செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது: மனையில் உள்ள பாசியைச் சுரண்டி எடுப்பது. கோடையில் உலர்ந்த பாசி சூட்டைக் கீழே விடாது. குளிர்காலத்தில் அதே பாசி ஈரத்தோடு உறைந்து, சூட்டை எளிதாக வெளியேற்றும். வருடம் முழுக்க மண்ணைக் குளிர்விக்கும் ஒருவழிக் கதவு அது. சுரண்டிய மனை சில கோடைகளில் குட்டையாகிவிடும். காட்டை அழித்து வெட்டவெளியாக்கினாலும் இதே கதி. சாகாவின் சுராப்சா கிராமத்தில் பழைய விமானத்தளம் இருந்த நிலம் இப்போது மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. இன்னொன்று, பள்ளத்தாக்கின் அடியில் கனமான குளிர்காற்று தேங்கும். காற்றில்லாத இரவுகளில் மலைச்சரிவில் சற்று மேலே இருக்கும் வீடு, கீழே இருப்பதைவிடக் குளிர் குறைவாக உணரும்.

இனி சுவர். 25 சென்டிமீட்டர் கனமுள்ள லார்ச் மரச்சுவர், வெளியே மைனஸ் 50, உள்ளே 20 என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு டிகிரிக்கு சுமார் 0.15 வாட். கணக்குப் போட்டால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக 42 வாட் வெளியேறும். 100 சதுர மீட்டர் சுவருக்கு 4 கிலோவாட்டுக்கு மேல். வெளிப்பக்கம் 15 சென்டிமீட்டர் கனிமக் கம்பளி (கல் இழைகளால் ஆன வெப்பக் காப்பு) சேர்த்தால் அது சதுர மீட்டருக்கு 13 வாட்டாக இறங்கும். விறகுக் குவியலில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கட்டைகளுக்கு நடுவே பாசியைத் திணிப்பது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழக்கம்.

ஆனால் சுவரைவிடக் காற்றுக்கசிவுதான் அதிகம் படுத்தும். உள்ளே இருக்கும் சூடான காற்று இலேசானது, வெளிக்காற்று கனமானது. வெறும் மூன்று மீட்டர் உயரத்திலேயே ஏறத்தாழ 11 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாகிறது. மேலே ஒரு விரிசல் கிடைத்தால் சூடு அதன் வழியே ஓடும். கீழே தரைப்பலகை இடுக்கில் குளிர் நுழையும். ஈரப்பதமும் அந்த ஓட்டத்தோடு போகும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 50இல் வெறும் 0.04 கிராம். சமையல், துணி உலர்த்தல், மூச்சு என்று குடும்பம் உண்டாக்கும் ஈரமெல்லாம் சுவருக்குள் போனால், வழியில் எங்கேயாவது ஐஸாகப் படியும். வசந்தத்தில் அது உருகி மரத்தை அழுகவைக்கும். அதனால் நீராவியைத் தடுக்கும் தாள் எப்போதும் சூடான உள்பக்கம்தான் வர வேண்டும். இந்த ஒரு இடத்தில் பக்கம் மாறினால் வெப்பக் காப்புக்குச் செலவழித்ததெல்லாம் வீண். கதவுக்கு முன்னால் ஒரு சிறிய இடைகழி அறை, ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, இவையும் சேர்ந்தால்தான் வீடு வாழத்தக்கதாகும்.

கட்டும் காலமும் கறாரானது. உறைநிலையில் சிமென்ட் இறுகாது, அதனால் ஈரவேலை எல்லாம் குறுகிய கோடைக்குள் முடிய வேண்டும். கனமான பொருட்களை ஏற்றிச்செல்ல, சாலை இல்லாத ஊர்களுக்கு உறைந்த ஆற்றின் மேல் போடப்படும் குளிர்காலப் பாதைதான் வழி. ஆக, அடுத்த கோடைக்கு வேண்டிய ஆணியையும் கண்ணாடியையும் முந்தைய குளிர்காலத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டும். கடுங்குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும் தன்மை பெறும், ரப்பர் விறைக்கும், டீசல் கெட்டியாகும்.

குழாய்த் தண்ணீர் பல வீடுகளில் கிடையாது. குளிர்காலத் தொடக்கத்தில் ஆற்றிலும் ஏரியிலும் ஐஸ் பாளங்களை அறுத்து வந்து முற்றத்தில் அடுக்கி, தேவைப்படும்போது உருக்கிக் குடிக்கிறார்கள். கோடைக்கு, உறைமண்ணில் வெட்டிய நிலவறையில் சேமிக்கிறார்கள். ஊரில் பொதுக் கொதிகலன் இருந்தால் அதன் சூட்டுக் குழாய்கள், கனமான காப்பு சுற்றப்பட்டு, தரைக்கு மேலேதான் ஓடும். புதைத்தால் மண் இளகும்.

இப்போது புதிய நெருக்கடி வந்திருக்கிறது. 2020 ஜூன் 20 அன்று சாகாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே அதுவரை பதிவானதில் மிக அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அதை உறுதிசெய்தது. மண் முழுதாக இளக வேண்டும் என்பதில்லை. மைனஸ் 4இலிருந்து மைனஸ் 1க்கு வந்தாலே கம்பத்தின் மேல் ஐஸின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். சில இடங்களில் வெப்பக் குழாய்களை நடுகிறார்கள். மூடிய குழாய்க்குள் கரியமில வாயு அல்லது அமோனியா திரவம் இருக்கும். அடியில் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே போய், குளிர்காற்றில் சூட்டை விட்டுவிட்டு, திரும்பத் திரவமாகி வழியும். மின்சாரம் வேண்டாம். கோடையில் வெளிக்காற்று சூடாக இருப்பதால் தானாகவே நின்றுவிடும். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த்தொடர் நெடுக இவை ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கின்றன. ஒரு குடும்பத்துக்கு இது செலவு பிடிக்கும். எடை குறைந்த மரவீட்டைக் கட்டி, கம்பத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஜாக்கி வைக்க இடம் விட்டு, ஏதாவது ஒரு மூலை இறங்கினால் தூக்கி ஆப்பு செருகிக்கொள்வது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. கான்கிரீட் வீட்டில் விரிசல் விட்டுவிட்டால் இப்படிச் சரிசெய்ய முடியாது. வருடத்துக்கு ஒருமுறை, கோடை முடிவில் இளக்கம் மிக ஆழமாக இருக்கும்போது, நான்கு மூலைகளிலும் மட்டம் பார்த்துக் குறித்துவைத்தால் எந்தக் கம்பம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.